ஓரத்தில் போட்ட உ

சிப்காட் தொழிற்பேட்டையின் பின்மதிலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிற காலனியில் ஏஞ்சலினைத் தெரியாதவர் கிடையாது. அவள் வீட்டு முன்னறைச் சுவரில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் தொங்குகிறது. பொன்னேரி அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்து வாங்கிய பட்டம். அந்தக் காலனியில் அப்படியொரு படத்துக்காக ஆணி அடிக்கப்பட்ட முதல் சுவர் அதுதான். அப்பாவும் அம்மாவும் நாற்று நட்டவர்கள். நிலமெல்லாம் ஆலையானதும் ஆலை வாசலில் வேலைக்கு நின்றவர்கள். அந்த ஆணியை அடித்த அன்றைக்கு அப்பா சுத்தியலை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

காலனியைத் தாண்டி நாற்பது ஊர்களில் அவளுக்கு இன்னொரு பெயர் இருந்தது. ‘கை ஒதறல் டீச்சர்.’ மூன்று வருடம் ஸ்கூட்டியில் கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் இடையே ஊர் ஊராகப் போய், கை நடுங்குகிறவர்களைத் தேடினாள். சென்னையில் இருக்கிற ஒரு நரம்பியல் ஆய்வு நிறுவனம் நடுக்குவாதம் பற்றி ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. டாக்டர்கள் பார்க்கின்சன் என்று சொல்லும் நோய். ஒரே பகுதியில் இருக்கிற நோயாளிகளைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய வயது, வேலை, குடிக்கிற தண்ணீர், நடை, தூக்கம் என்று எல்லாவற்றையும் எழுதிவைத்து, வருடா வருடம் திரும்பப் போய்ப் பார்ப்பது. அப்படிச் சேர்ந்த விவரத் தொகுப்பைப் பிற்பாடு எந்த ஊர் ஆராய்ச்சியாளரும் விண்ணப்பம் போட்டு வாங்கி, இந்த நோய் ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது என்று பார்க்கலாம். அதற்காகத் திருவள்ளூரில் ஒரு மாடியில் கிளை அலுவலகம் வைத்தார்கள். களப்பணிக்கு வந்த முப்பது பேரில் ஏஞ்சலினைப் பொறுக்கி எடுத்தவர் டாக்டர் கமலினி.

கமலினி திருவள்ளூர்க்காரர். கோயில் கைங்கரியம் செய்கிற வைணவக் குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவர்.

“வீட்ல நீங்கதான் மொத பட்டதாரியா?” என்று நேர்முகத்தில் கேட்டார்.

“ஆமா மேடம்.”

“எங்காத்துல நான்தான் மொத டாக்டர். போங்கோ, நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதி” என்று சிரித்தார்.

அன்று ரயிலில் திரும்பும்போது ஏஞ்சலின் அந்த வாக்கியத்தை மனசுக்குள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. முதலில் ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படிப்பாள். பதினொரு பத்தி. உங்கள் பெயர் வெளியே போகாது, எண்ணாக மாறிவிடும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஏழாவது பத்தியில், கேட்டால் உங்கள் படிவத்தின் நகல் உங்களுக்குத் தரப்படும். பிறகு சோதனைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டச் சொல்வாள். எழுந்து நடந்து திரும்பச் சொல்வாள். மூடியில் துளை போட்ட மூன்று டப்பாக்களை மோந்து பார்க்கச் சொல்வாள். ஆலை உலையில் பழைய இரும்பு பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்த முத்தம்மா, மல்லிகைப்பூ டப்பாவை மூக்கிலேயே அழுத்திவைத்துக்கொண்டு, “இன்னாடி காலி டப்பாவ குட்த்து ஏமாத்துற?” என்று சண்டைக்கு வந்தாள். மூடியைத் திறந்து பூவைக் காட்டியதும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த நோயில் மோப்பம்தான் முதலில் போகும்.

கடைசியில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பெரிதாகிற ஒரு சுழி வரையச் சொல்வாள். நோய் இருக்கிறவர்களின் சுழி நெளியும், சிறுத்துச் சிறுத்துப் போகும்.

அவளுடைய சித்தப்பா சாலமோனிடம் அந்தத் தாளைக் கொடுத்தபோது அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “இன்னாம்மா ஏஞ்சலு, கிறிஸ்துவன புட்ச்சாந்து பிள்ளையார் சுழி போட சொல்ற? பாஸ்டரு பாத்தா என்ன பெஞ்சு மேல நிக்க வெச்சுடுவாரு.”

“இது அந்தச் சுழி இல்ல சித்தப்பா. கொசுவத்தி மாதிரி போடு.”

“கொசுவத்தியா? அத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா.”

போட்டார். கொசுவத்தி இரண்டு சுற்றோடு ஒரு புள்ளியாகச் சுருங்கிப்போனது. சாலமோன் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பத்தொன்பது வருடம் உருக்காலை உலைக்கு முன்னால் நின்று, உருகின இரும்பின் மேல் மிதக்கிற கசடை நீளக் கம்பியால் வாரித் தள்ளின கை அது. மாங்கனீசுக் கட்டியை உலைக்குள் அள்ளிப் போடும்போது எழும்புகிற பழுப்புப் புகையில்தான் பாதி ஆயுள் போனது. கை நடுங்க ஆரம்பித்ததும், ஒருநாள் காலையில் கேட்டில் நின்ற காவலாளி, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். சாலமோன் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டதில்லை. மறுநாளும் போனார். அதற்கும் மறுநாள் போனார். பிறகு போகவில்லை.

படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அரை விரல் அகலம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இது: அவர்கள் வாயில் என்ன வருகிறதோ அதை அப்படியே எழுது, நீயாக எதையும் சேர்க்காதே. சாலமோன், “கூலி” என்றார். எழுதினாள். அவள் அந்த ஊர்க்காரி. அவளுக்கு அந்தச் சொல்லில் சந்தேகமே வரவில்லை. அந்தப் பக்கத்தில், ‘கம்பெனில கீறேன்’ என்று சொல்லிக்கொள்கிறவன் நிரந்தரத் தொழிலாளி. மேஸ்திரி மூலம் போகிறவன் ஒரே உலையில் இருபது வருடம் நின்றிருந்தாலும், கேட்டால், ‘கூலிக்குப் போறேன்’ என்பான். ஆலையின் பதிவேட்டில் அவன் பெயர் இருக்காது. கேட் பாஸ்கூட வேறு யார் பெயரிலாவது இருக்கும்.

இரண்டு மாதம் கழித்துத் திருவள்ளூர் அலுவலகத்துக்குப் போனபோதுதான், சுவரில் ஒட்டியிருந்த குறியீட்டுத் தாளை நின்று படித்தாள். தொழில்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். நான்காம் எண்: கூலி, விவசாயக் கூலி.

அதை இன்னொரு தடவை படித்தாள். நேராக மேடம் அறைக்குள் போனாள்.

“மேடம், எங்க ஊர்ல கூலின்னா வயக்காட்டுக் கூலி இல்ல. முக்காவாசிப் பேரு உலையில நின்னவங்க. இத்தப் போய் விவசாயம்னு போட்டா, அவங்க பூச்சி மருந்து அடிச்சவங்களாயிடுவாங்களே. நோய்க்கும் அதுதான் காரணம்னு ஆயிடும்.”

கமலினி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “இது ரொம்பப் பெரிய விஷயம், ஏஞ்சலின். இதை நீங்க கவனிச்சது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியாது” என்றார். பிறகு ஒரு படிவத்தை இழுத்து, வலதுபக்க மேல் ஓரத்தில் விரலை வைத்தார். “கட்டத்துக்குள்ள அடிச்சுத் திருத்தினா படிவம் செல்லாது. இங்க ஒரு அடையாளம் போடுங்கோ. உலைக்கு உ. போறும். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து உலையில் நின்றவர்களின் படிவத்தில் எல்லாம் ஓரத்தில் ஓர் உ. பழைய கட்டையும் பிரித்துப் போட்டு, யார் யார் என்று நினைவுபடுத்தி, ஒவ்வொன்றிலும் போட்டாள். மூன்று வருட முடிவில் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். அதில் நூற்று முப்பத்தொரு உ.

களப்பணி முடிந்த நாள், பெயர்களும் வீட்டு அடையாளங்களும் எழுதிவைத்திருந்த அவளுடைய சொந்த நோட்டை எரித்துவிட வேண்டும் என்றார்கள். நோயாளிகளின் ரகசியம். ஏஞ்சலின் அலுவலக மாடியில் ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு மேடம் முன்னாலேயே கொளுத்தினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெருமை அவளுக்கு. சாம்பலைக்கூடத் தண்ணீர் ஊற்றிக் கலைத்தாள்.

அது முடிந்து ஒன்றரை வருடம் ஓடியது. அவள் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தாள். சாலமோனுக்கு மாத்திரை தின்றால் நாலு மணி நேரம் கை சொன்னபடி கேட்கும், அப்புறம் கேட்காது. அந்த நாலு மணி நேரக் கையைக் கொண்டு அவர் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். எனக்கு வந்திருக்கிற நோய்க்கும் உலைப் புகைக்கும் தொடர்பு உண்டா என்று அரசாங்க டாக்டரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று. அவர் கேட்டது அவ்வளவுதான். குடிகாரன் என்று கேட்டில் சொன்னார்களே, அதற்கு யாராவது ஒருத்தர் எழுத்தில் பதில் சொல்லட்டும் என்று.

அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். ஆலை நிர்வாகம் ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தது: இந்தப் பெயரில் எங்கள் உலையில் யாரும் வேலை பார்த்ததில்லை.

“நீ உலையில நின்னன்னு காட்ட ஒரு காகிதம், ஒரே ஒரு காகிதம் கொண்டுவாப்பா. டாக்டருக்கு அனுப்பிடறேன்” என்றார் அதிகாரி.

சாலமோன் முகம் தொங்கிப்போய் வந்தார். கேட்டதும் ஏஞ்சலின் சிரித்துவிட்டாள்.

“இதுக்கா சித்தப்பா மூஞ்ச தொங்க போட்டுக்கினு வந்த? காயிதம் திருவள்ளூர் ஆபீஸ்ல கீது. நான்தான எழுதினேன். ஒனக்கு மட்டுமா, நூத்தி முப்பத்தோரு பேருக்கு கீது.”

“நெசமாவா?”

“மேடத்துகிட்ட ஒரு வார்த்த கேட்டா போதும்.”

சாலமோன் அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டார். அவருடைய கையை விட அவருடைய வாய் வேகமாக நடுங்கிற்று என்று காலனியில் கேலி பேசினார்கள். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏஞ்சலின் முதலில் போனில் தேடினாள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில், ஆராய்ச்சியாளர்கள் கேட்டுப் பெறக்கூடிய தொகுப்புகளின் பட்டியல் இருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு ஓரிடத்தில் விரல் நின்றது. வட திருவள்ளூர் நடுக்குவாதத் தொகுப்பு. பங்கேற்றோர் 214. அவளுக்குக் கண் கலங்கியது. தான் வெயிலில் அலைந்து சேர்த்தது, உலகத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவன் தேடினால் கிடைக்கிற இடத்தில் இருக்கிறது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அப்புறம்தான் கீழே படித்தாள். தொழில் வாரியாக: விவசாயக் கூலி, 151 பேர். மற்ற விவரங்கள் என்று பன்னிரண்டு இருந்தன. தண்ணீர், பூச்சிமருந்து, தூக்கம், மோப்பம், சுழி வரைதல். உலை இல்லை. மேலிருந்து கீழாக மூன்று தடவை தேடினாள். இல்லை.

தொகுப்பைத் தனக்குக் காட்டும்படி விண்ணப்பம் போட்டாள். எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டது. பள்ளியின் பெயரை எழுதினாள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் எங்கே என்று கேட்டது. ‘தரவைச் சேகரித்தது நானே’ என்று எழுதினாள். நாலாம் நாள் பதில் வந்தது: தாங்கள் தகுதியான ஆராய்ச்சியாளர் என்பதற்கான ஆதாரம் இல்லாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

அவள் அதைத் திரும்பப் படிக்கவில்லை. ஏழாவது பத்தி ஞாபகம் வந்தது. இருநூற்றுப் பதினான்கு தடவை வாய்விட்டுப் படித்த பத்தி. அவளுக்குத் தர மாட்டார்கள், சரி. சாலமோன் கேட்டால் சாலமோனுக்குத் தந்துதானே ஆக வேண்டும்?

இரண்டு பேரும் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துத் திருவள்ளூர் போனார்கள். சாலமோன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மாத்திரையை நேரம் பார்த்து, மாடிப்படி ஏறும்போது கை நிற்கிற மாதிரி கணக்குப் பண்ணித் தின்றிருந்தார்.

கமலினி எழுந்து வந்து ஏஞ்சலின் கையைப் பிடித்துக்கொண்டார். காபி வரவழைத்தார். சாலமோனிடம், “இப்ப நடக்கறது எப்படி இருக்கு? திரும்பறச்சே காலு ஒட்டிக்கறதா?” என்று உண்மையாகவே அக்கறையோடு கேட்டார். அவரும், “ஆமாம்மா, பசை தடவின மாதிரி கீது” என்றார்.

ஏஞ்சலின் விஷயத்தைச் சொன்னாள். கமலினி மேஜை மேலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

“எனக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது, ஏஞ்சலின். வெளியில ஆள் வெச்சு ஏத்தினோமில்லையா, அவா அந்த உ-வைப் பிள்ளையார் சுழின்னு நெனச்சுட்டா. படிவம் எழுதறவா சுழி போட்டு ஆரம்பிச்சிருக்கான்னு விட்டுட்டா. என்ன பண்றது, சொல்லுங்கோ.”

ஏஞ்சலினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தன் பெயருக்கும் பிள்ளையார் சுழிக்கும் என்ன சம்பந்தம்! அடுத்த நொடி நிம்மதியாக இருந்தது. தவறுதான், வேறொன்றும் இல்லை. தவறு என்றால் திருத்திவிடலாம்.

“அப்ப ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க மேடம். இந்த உ-ன்னா உலைன்னு. ஒரே வரி.”

“தனிப்பட்ட ஒருத்தருக்கு அப்படி எழுதித் தர முடியாதே. ஆய்வோட நடுநிலை போயிடும். படிவத்தோட நகலை வாங்கிண்டு போங்கோ, அது உங்க உரிமை. அச்சுத் எடுத்துத் தருவார்.”

அச்சுத் அந்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். அவனும் கோயில் வீதிப் பையன்தான், முப்பது வயது இருக்கும். பின்னறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சாலமோனின் படிவத்தைத் தேடி எடுத்து, நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்தான். மூடியை மூடாமல் நின்றான்.

“அக்கா, உள்ள மேடம் என்ன சொன்னாங்க?”

“பிள்ளையார் சுழின்னு நெனச்சிட்டாங்களாமே.”

அச்சுத் கதவைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அக்கா, நாங்க வைஷ்ணவா, சுழி போடற வழக்கமே கெடையாது. ஸ்ரீ-தான் போடுவோம். கிறிஸ்டியன் பேரு போட்டவங்க ஃபாரத்துல சுழி எப்படி வரும்னு மொத நாளே எனக்கு இடிச்சுது. அதனாலதான் போய்க் கேட்டேன். மேடம்தான் உலைன்னு சொன்னாங்க. அட்டவணையில உலைன்னு தலைப்பு வெச்சுத் தனியா ஒரு காலம் போட்டு நானே ஏத்தினேன். நூத்தி முப்பத்தொண்ணு. சரியா?”

ஏஞ்சலின் தலையசைத்தாள். எண்ணிக்கை சரியாக இருந்ததுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

“வெளியிடறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்தக் காலத்தை எடுக்கச் சொன்னாங்க. என்னைக் காட்டிக் கொடுத்துடாதீங்கக்கா. எனக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு.”

நகல் சூடாக வெளியே வந்தது. அதை வாங்கிக்கொண்டு அவள் மேடம் அறைக்குத் திரும்பிப் போனாள். சாலமோனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். அச்சுத் பெயரைச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, “எடுக்கச் சொன்னது நீங்களா மேடம்?” என்று மட்டும் கேட்டாள்.

கமலினி யார் சொன்னது என்று கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“அடுத்த கட்டம் ரெண்டாயிரம் பேர், ஏஞ்சலின். ஆலைக்குள்ளேயே போய் எடுக்கணும். அந்த உலைக் காலம் இருக்கற தொகுப்பைப் பாத்தா எந்தக் கம்பெனி கதவைத் தெறக்கும்? உள்ள விட்டாத்தானே டேட்டா? உலைதான் காரணம்னு நாம ஒண்ணும் நிரூபிக்கலையே.”

“நிரூபிக்கல மேடம். கேள்வி கேக்கறதுக்காவது அத வெச்சிருக்கலாமில்ல? இனிமே வேற யாராவது தேடினாக்கூட அவங்களுக்கும் தெரியாது. பூச்சி மருந்துன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.”

“ஒரே ஒரு காலம். அதுக்காக எல்லாத்தையும் இழக்க முடியாது. நீங்க படிச்சவா, நீங்களே புரிஞ்சுக்கலைன்னா எப்படி? ரெண்டாம் கட்டத்துக்கு உங்களைத்தான் மேற்பார்வையாளரா போடணும்னு எழுதி வெச்சிருக்கேன். ஊர்ல உங்களைத்தான் நம்பறா.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் ஏஞ்சலினுக்கு உடம்பு கூசியது. ஒரே ஜாதி என்று சிரித்த அதே முகம். அன்றைக்கும் பொய்யில்லாமல்தான் சிரித்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் தாங்கவில்லை. மேடம் கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பாள்.

“சொன்ன சொல்லுக்காக நோட்ட நான் எரிச்சேன் மேடம். ஒங்க எதிர்லயே எரிச்சேன்” என்றாள். நகலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

வெளியே சாலமோன் எழுந்து நின்றார். மாத்திரை வேகம் தணிந்து வலது கை துடிக்க ஆரம்பித்திருந்தது. “இன்னாம்மா, குட்த்தாங்களா?”

“நகல் குட்த்தாங்க. வா, நேரா ஆபீசுக்குப் போவோம்.”

தொழிலாளர் அலுவலக அதிகாரி நல்ல மனுஷர். சாலமோனுக்கு நாற்காலி போடச் சொன்னார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நகலை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

“சுழி போட்டுச் சுத்தமா எழுதியிருக்கீங்க. கையெழுத்து முத்து மாதிரி இருக்கு. ஆனா, தொழில்ங்கற எடத்துல கூலின்னு இருக்கேம்மா. உலை எங்க?”

“சார், அது சுழி இல்ல. அதான் உலை. உ-ன்னா உலை.”

அதிகாரி மறுபடி பார்த்தார். நகலில் அந்த உ கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தது. கீழே கோடு இழுத்திருந்தால் கல்யாணப் பத்திரிகையில் வருவதேதான்.

“அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கா? இல்ல, அவங்க யாராவது ஒரு லெட்டர்…”

“தர மாட்டாங்க சார்.”

“நான் நம்பறேம்மா. சத்தியமா நம்பறேன். நான் நம்பி என்ன ஆகறது, ஃபைல் நம்பணுமே” என்று நகலை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாலமோனுக்கு. வெங்கல் ஊரைத் தாண்டியதும் நகலைக் கேட்டு வாங்கினார். தாள் அவர் கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. முழங்காலில் வைத்து இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

“கூலின்னு எழுதினது யாரு?”

“நான்தான் சித்தப்பா. நீதான சொன்ன.”

“நான் சொன்னேன். ஒனக்குத் தெரியுமில்ல?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “ஒனக்குத் தெரியாதா, நான் எங்க நின்னேன்னு? எனக்கு சோறு எடுத்தாந்து உலை வாசல்ல குட்த்துட்டு போவியே. சின்னப் புள்ளயில.”

“கட்டத்துல அடிக்கக் கூடாதுன்னாங்க. ஓரத்துல உ போடச் சொன்னாங்க. அவங்க பாத்துக்கறேன்னாங்க.”

“சரி, போட்ட. பக்கத்துல இன்னொரு எழுத்து போட்டா இன்னாம்மா? ஒரே ஒரு லை. பேனாவுல இங்க் இல்லியா?”

போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு எழுத்து போதும் என்றார்கள், அவளும் ஒரு எழுத்தோடு நிறுத்தினாள். நூற்று முப்பத்தொரு தடவை நிறுத்தினாள். மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்த காலம் அது. பட்டம் வாங்கின கையால் இன்னொரு பட்டம் வாங்கினவர் சொன்னபடி எழுதுவதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

சாலமோன் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். பை வாய்க்குள் தாள் போகவில்லை. இரண்டு தடவை நழுவியது. அவள் உதவிக்குக் கை நீட்டினாள். “வுடு, நான் வெச்சுக்கறேன்” என்றார்.

இரண்டாம் கட்டத்துக்கு நியமனக் கடிதம் தபாலில் வந்தது. மேற்பார்வையாளர் என்று போட்டிருந்தது. இனிமேல் காகிதம் கிடையாதாம், எல்லாம் கையடக்கக் கணினி. தொழிலைத் தொட்டால் பட்டியல் விரியும், அதில் ஒன்றைத் தொட வேண்டும். ஓரம் என்று ஒன்று அதில் இல்லை. அவள் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

பதிலுக்கு வேறொன்று செய்தாள். ஏழாவது பத்தியின்படி என் படிவத்தின் நகலை எனக்குத் தரவும் என்று ஒரு பக்க மனு தயாரித்து, நூற்று முப்பத்தொரு பிரதி எடுத்தாள். ஒருவருடைய உ சுழியாக இருக்கலாம். நூற்று முப்பத்தொரு பேருடைய படிவத்திலும், அதில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்கள், எழுதினவளும் அப்படியே, அதே ஓரத்தில் சுழி விழுந்தது என்று யாரும் ஃபைலில் எழுத முடியாது. பெயர்களை எரித்துவிட்டாலும் வாசல்கள் அவளுக்கு மறக்கவில்லை. கையெழுத்து வாங்க ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

முதல் வாசல் முத்தம்மாவுடையது. இப்போது இரண்டு கையும் ஆடின. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நகல் செல்லாமல் போன விஷயம் காலனியில் பரவியிருந்தது. சாலமோன் ஒன்றும் ஒளிக்கிற ஆள் இல்லை. ஏஞ்சலின் கையிலிருந்த காகிதக் கட்டை முத்தம்மா பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

“வாடி ஏஞ்சலு. வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற? உள்ள வா, நாஷ்டா துன்னுட்டுப் போ” என்றாள். ஏஞ்சலின் படியில் கால் வைத்தாள். முத்தம்மா நடுங்குகிற கையை வாசலுக்குக் குறுக்கே நீட்டினாள். “நீ வா. அந்தப் பேப்பர மட்டும் வெளியவே வெச்சிட்டு வா.”

ஏஞ்சலின் திரும்பிப் போய்க் காகிதக் கட்டை ஸ்கூட்டி இருக்கையில் வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஹெல்மெட்டை அதன் மேல் கவிழ்த்துவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனாள்.